திமிங்கிலத்துக்கு என்ன வாடகை?

அத்தியாயம் பதினொன்று

"இஞ்சாரும், நீர் கோவிக்கக்கூடாது" என்று அனோஜன் தொலைபேசியில் தொடங்கியதுமே அஜந்தாவுக்கு விளங்கிவிட்டது. வாயைத் திறக்கவே வேண்டாம் என்று விடியற்காலையில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பிய புருசன், வாயைத் திறந்துவிட்டான்.

அடுப்பைத் தணித்துவிட்டுக் குசினி வாசலுக்கு வந்தாள்.

"என்ன சொல்லிப்போட்டீங்கள்?"

"காசு வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்."

"எவ்வளவு வேண்டாம் எண்டனீங்கள்?"

"முழுக்க."

அஜந்தா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்படியானால் போன கிழமை முழுவதும் அவள் தொண்டை வற்றக் கத்தியது எதற்காக? கூடப்பிறந்த அண்ணன் ரஜீபனோடு முற்றத்தில் நின்று மல்லுக்கட்டியது எதற்காக? யாழ்ப்பாணத்தில் கொம்பனி வைத்து ஏழெட்டு லொறி ஓட விட்டிருக்கும் அவர்தான் இவர்களுடைய ஒற்றை லொறியின் லீசிங் கடனுக்குப் பிணை நின்றவர்.

"உன்ர மனுசனுக்கு லொறி ஓடத் தெரியும், வாடகை கேக்கத் தெரியாது" என்று அன்றைக்கு அவர் முகத்துக்கு நேரே சொன்னார். "சனிக்கிழமைக்குள்ள ஒரேயொரு ஹயரை நியாயமான வாடகைக்கு ஓடிக் காட்டட்டும். ஏலாட்டி லொறியை என்ர கொம்பனிக்குக் கீழ விடுங்கோ. அவருக்கு நான் மாதச் சம்பளம் போட்டுத் தாறன்."

இன்றைக்குச் சனிக்கிழமை. லொறி அவர்களுடையதாக இருக்குமா, அனோஜன் மச்சானிடம் சம்பளத்துக்கு நிற்கும் றைவர் ஆவானா என்பது இந்த ஒரு பயணத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அவளுக்குக் கூடுதலாகச் சுட்டது. தீவார், இந்தத் தீவுகளின் சனம், வியாபாரத்துக்குப் பேர்போன ஆட்கள். அவளுடைய அப்பப்பாவே தெற்கே காலி நகரத்தில் கடை போட்டு, சதத்தைக்கூட விட்டுக்கொடுக்காமல் விற்றவர். ஆனால் சொந்த ஊரில், தெரிந்த முகத்துக்கு முன்னால், அதே சனத்தின் வாயில் ஒரு தொகை வராது. "பாத்துத் தாங்கோ" என்பார்கள். கொடுக்கிறவர்களும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். தேய்ந்த ரயரையோ, உப்புக்காற்று தின்ற அடித்தகட்டையோ அல்ல. போன தூரத்தை மட்டும் பார்ப்பார்கள். ஒருவழி நிறையப் போன லொறி மறுவழி வெறுமையாக வரும் என்பது ஒருவர் கண்ணிலும் படாது. அனோஜன் லொறி வாங்கிய நாள் தொட்டு 'பாத்துத் தாங்கோ' என்று சொல்லியே பாதி வழியை ஊருக்குத் தானம் செய்துகொண்டிருந்தான்.

அதனால்தான் இந்த ஹயர் ஓட்டத்தை அஜந்தா தானே பேசினாள். பல்கலைக்கழகத்து விலங்கியல் விரிவுரையாளர் கஜாலினி தொலைபேசியில் கேட்டபோது, ஏற்றும் நேரம், காத்து நிற்கும் நேரம், டீசல், ரயர், திரும்பி வரும் வழி எல்லாவற்றையும் சேர்த்து, குரல் நடுங்காமல் தொகையைச் சொன்னாள். கஜாலினியும் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டாள். நாரந்தனைக்கு அங்கால மேற்குக் கரையில் புதைத்து வைத்திருந்த பெரிய மீனொன்றின் எலும்புகளை யாழ்ப்பாணம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எலும்புதானே, விறகு ஏற்றுவது போலத்தான் என்று அவள் நினைத்திருந்தாள்.

"ஏன் வேண்டாம் எண்டனீங்கள்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"இது செத்தவீடு அஜந்தா. செத்தவீட்டுக்கு ஓடினதுக்கு ஆராவது காசு வாங்குவினமோ?"

"ஆர் செத்தது?"



"நீர் வாரும். வந்து பாரும். எனக்குச் சொல்லத் தெரியேல்லை" என்றான். அவன் குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

அவள் ஸ்கூட்டியை எடுத்தாள். சரவணையிலிருந்து நாரந்தனை வரைக்கும் வழிநெடுக, புருசனைத் திட்டுவதற்கு வேண்டிய சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு போனாள்.

கரைக்குப் போனதும் முதலில் கண்ணில் பட்டது அண்ணனின் வெள்ளை பிக்கப். ரஜீபன் அதற்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். 'பாத்தியோ' என்று கேட்பது போல் ஒரு சிரிப்பு. அஜந்தா அவரைக் கடந்து, மணல் மேட்டில் ஏறினாள்.

ஏறியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கீழே மணலைத் தோண்டி, ஒரு சிறிய கோயில் மண்டபம் அளவுக்குப் பள்ளமாக்கியிருந்தார்கள். அதற்குள் அது கிடந்தது. ஓரத்தில் இரண்டு தாடை எலும்புகள், வளைந்து, நடுவில் ஒரு வீட்டையே கட்டலாம் போல விலகிக் கிடந்தன. அதற்குப் பின்னால் விலா எலும்புகள், கரையில் பாதி கட்டிவிட்டுப் போன வள்ளத்தின் வளைந்த வங்குச் சட்டங்கள் மாதிரி வரிசையாக நின்றன. முள்ளந்தண்டுத் துண்டு ஒவ்வொன்றும் உரல் அளவு. அந்த உரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தன. தலை இன்னும் மணலுக்குள் இருந்தது. அதைத் தூக்க வேறு வாகனம் வர வேண்டுமாம்.

எந்தப் பொருளைக் கண்டாலும் அஜந்தாவின் மனம் தானாகக் கணக்குப் போடத் தொடங்கும். அலுமாரி என்றால் இவ்வளவு இடம், ஓடு என்றால் இவ்வளவு பாரம் என்று அவளைக் கேட்காமலே அது சொல்லிவிடும். இப்போது அது ஒன்றும் சொல்லவில்லை. வழியில் பொறுக்கிச் சேர்த்த திட்டெல்லாம் எங்கே போயிற்று என்றும் தெரியவில்லை. இப்படி ஒன்று உயிரோடு இருந்தது, தன் வீட்டுக்கு இவ்வளவு கிட்ட இந்தக் கடலில் நீந்தித் திரிந்தது என்பதை நம்ப அவளுக்கு நேரம் எடுத்தது.

அனோஜன் பள்ளத்தின் ஓரத்தில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றான். அவன் மட்டுமல்ல, எல்லோருடைய செருப்பும் மேட்டில்தான் கிடந்தன. அஜந்தாவும் கழற்றினாள். அவளிடம் கழற்றச் சொன்னவர் ஒருவரும் இல்லை.

"அக்கா, இஞ்சை வாங்கோ" என்று கஜாலினி கூப்பிட்டாள். சின்னப் பெண். முழங்கால் வரை மணல். "இது அதின்ரை முன்செட்டை. பாருங்கோ."

சாக்கு விரிப்பில் எலும்புகளைக் கிடந்தபடியே அடுக்கியிருந்தார்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு, அதற்குப் பிறகு...

"விரலோ?" என்றாள் அஜந்தா.

"ஓம், விரல்தான். செட்டைக்குள்ள மூடிக் கிடந்தது."

"மீனுக்கு விரலோ, பிள்ளை?"

"இது மீன் இல்லை அக்கா. குட்டி போட்டுப் பால் குடுக்கிற சாதி. எங்களை மாதிரி."

அஜந்தா குனிந்து தன் கையை அதற்குப் பக்கத்தில் வைத்தாள். அந்தக் கையின் ஒரு விரற்கணு அவளுடைய உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தது. ஆனால் கை கைதான். அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கஜாலினி தன் பைக்குள் துணியில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தாள். கையளவு. சங்கு போல உள்ளே சுருண்ட எலும்பு. அளவுக்குப் பொருந்தாத பாரம்.

"இது அதின்ரை காது, தலையிலை இருந்து கழண்டு மணலுக்குள்ள கிடந்தது. இவ்வளவு பெரிய உடம்புக்கு இந்தச் சின்னக் காதுதான். ஆனா ஒண்டு கத்தினால் மற்றது கடலிலை எத்தினையோ நாள் ஓட்டத் தூரத்திலை நிண்டும் கேக்கும் எண்டு சொல்லுவினம்."

அவ்வளவு தூரத்திலிருந்து கேட்ட காது இன்று தன் கையில் இருக்கிறது என்று நினைத்தபோது அஜந்தாவின் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. புருசனும் தொலைபேசியில் அதைத்தானே சொன்னான்.

கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் இன்னாசித்தம்பி பக்கத்தில் வந்து நின்றார். சில வருடங்களுக்கு முன்பு, சோளகக் காற்று வீசும் காலத்தில் இது கரையேறியபோது மூன்று ஊர்ச் சனமும் கூடியதாம். உயிர் இருந்தவரைக்கும் வாளி வாளியாகக் கடல்தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்களாம்.

"ஏலாமப் போச்சுது பிள்ளை. செத்தாப்பிறகு பாய்ச்சீலை போர்த்தி, மெழுகுதிரி கொளுத்தித்தான் தாட்டனாங்கள். எங்கட ஊர் நல்லம்மாக்கா வந்து சைவ முறைக்குத் தேங்காயும் உடைச்சவ. எங்கட கரைக்கு வந்து செத்தது, எங்கட பிரேதம். படிப்புக்கெண்டு கேக்கினம், குடுக்கிறம். ஆனா வாடகைக்கு அனுப்பமாட்டன். பிரேதம் வாடகைக்குப் போறேல்லை."

"அதுதான் நான் காசு வேண்டாம் எண்டனான்" என்றான் அனோஜன் மெல்ல.

"நல்ல விசயம்" என்று பின்னாலிருந்து ரஜீபன் குரல் வந்தது. மேட்டிலிருந்து இறங்கியவர் கஜாலினியைப் பார்த்துச் சொன்னார். "மிஸ், சும்மா எண்டால் என்ர இருபதடி லொறியை அனுப்புறன். உதைவிட வடிவாப் போகும். பேப்பர்காரரும் வருவினம்தானே, எங்கட கொம்பனிப் பேரைச் சொன்னால் போதும்." பிறகு தங்கையின் பக்கம் திரும்பினார். "பாத்தியோ அஜந்தா? இதுதான் உன்ர மனுசன்ர வாடகை. நான் சொன்ன நாளும் இண்டைக்குத்தான்."

அஜந்தாவுக்கு முகம் சிவந்தது. ஆனால் கஜாலினி தலையை ஆட்டினாள்.

"ஆரெண்டாலும் சும்மா எண்டால் எனக்கு வேண்டாம். வழியிலை ஒரு விலா உடைஞ்சால் நான் ஆரைக் கேக்கிறது? காசு வாங்காத ஆளிட்டை மெல்லப் போங்கோ, நிண்டு போங்கோ எண்டு நான் எந்த வாயாலை சொல்லுறது?"

"காசு எண்டால் நான் விடன்" என்றார் இன்னாசித்தம்பி.

"சும்மா எண்டால் நான் ஏத்தமாட்டன்" என்றாள் கஜாலினி.

மாணவர்கள் கயிறும் கையுமாக நின்றார்கள். வெயில் ஏறியது. எலும்புகள் எல்லோருக்கும் நடுவில் பேசாமல் கிடந்தன.

அஜந்தா கையிலிருந்த காதைப் பார்த்தாள். இன்னாசித்தம்பி சொல்வது சரி. இதற்கு வாடகை கேட்க அவளுக்கும் இனி நா எழாது. கஜாலினி சொல்வதும் சரி. லீசிங்காரன் சொல்வதும் சரிதான், அவன் திமிங்கிலத்தைப் பார்த்துத் தவணையை விட்டுத்தரப் போவதில்லை. எல்லோரும் சரியாக இருந்தால் பிழை எங்கே?

அவள் நிமிர்ந்தபோது அனோஜனின் லொறி கண்ணில் பட்டது. பின்கதவு திறந்து, வெறும் பெட்டியாக நின்றது. எத்தனையோ பின்னேரங்களில் அந்தப் பெட்டி சங்கிலி அடிபட அடிபட வீட்டுக்கு வரும் சத்தத்தை அவள் கேட்டிருக்கிறாள்.

"அண்ணை, போகேக்கை பிரேதம் போகும்" என்றாள் இன்னாசித்தம்பியைப் பார்த்து. "அதுக்கு ஒரு சதமும் வேண்டாம். நீங்கள் வெள்ளைத்துணி போடுங்கோ, மெழுகுதிரி கொளுத்துங்கோ. இவர் செத்தவீட்டு ஓட்டமே ஓடட்டும்."

"ம்."

"யாழ்ப்பாணத்திலை இறக்கினாப்பிறகு லொறிக்குள்ள என்ன இருக்கும்?"

"என்ன இருக்கும்? ஒண்டும் இராது."

"அப்ப திரும்பி வாறது பிரேதம் இல்லை, வெறும் லொறி. வெறும் லொறிக்கு ஆரும் துக்கம் காக்கத் தேவையில்லை, அண்ணை. அதுக்கு வாடகை வேணும்." கஜாலினியிடம் திரும்பினாள். "போறதுக்கு இல்லை பிள்ளை. வாறதுக்கு நீங்கள் தாறீங்கள். காசு வாங்கிற ஆக்கள் நாங்கள். மெல்லப் போங்கோ எண்டு எந்த இடத்திலையும் சொல்லலாம்."

தொகையையும் அங்கேயே, அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னாள். அது எவ்வளவு என்று இங்கே எழுதினால் நாளைக்கே ஊர்காவற்றுறைச் சந்தியில் அதைவிடக் குறைத்துக் கேட்க ஆள் நிற்கும், ஆகையால் எழுதவில்லை. கஜாலினி ஓம் என்று தலையாட்டினாள்.  இன்னாசித்தம்பி தோளிலிருந்த துவாயை எடுத்துத் தலையில் கட்டினார்.

"தூக்குங்கோடா" என்றார்.

தாடை எலும்பைத் தூக்கக் கரைச் சனம் முழுவதும் கை கொடுத்தது. வள்ளம் இழுக்கிற தோள்களுக்கே மூச்சு முட்டியது. அனோஜனின் பதினாலரை அடி லொறிக்குள் அது அடங்காமல் பின்னால் நீட்டிக்கொண்டு நின்றது. நீட்டிய முனையில் சட்டப்படி சிவப்புத் துணி கட்டினார்கள். மற்றதெல்லாம் வெள்ளைத் துணிக்குக் கீழே போயிற்று. ரஜீபன் பிக்கப்பில் ஏறிப் போனார்.

அஜந்தா ஸ்கூட்டியைக் கரையிலேயே விட்டுவிட்டு லொறியில் ஏறினாள். காது அவள் மடியில் இருந்தது.

அனோஜன் ஓடிய ஓட்டத்தை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். பள்ளம் வருவதற்கு முன்பே வேகம் குறைந்தது. வேலணைச் சந்தியில் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். வெள்ளைத் துணியைக் கண்டு ஆருடைய செத்தவீடு என்று கேட்க வாயெடுத்தவர்கள், பின்னால் நீட்டிய எலும்பைக் கண்டு கேள்வியை மறந்தார்கள். எதிரே வந்த பஸ் தானாக ஒதுங்கி நின்றது. சனம் யன்னலுக்கு வந்து பார்த்தது. கத்தியவர்கள் இல்லை, விசிலடித்தவர்கள் இல்லை.

மண்டைதீவுச் சந்தியில் பொலிஸ்காரர் கை காட்டினார்.

"என்ன சாமான்?"

"திமிங்கிலம், சேர்" என்றான் அனோஜன்.

அவர் சிரித்துக்கொண்டே போய்த் துணியைத் தூக்கிப் பார்த்தார். திரும்பி வந்தபோது சிரிப்பு இல்லை. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, போகலாம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

கடலுக்கு நடுவே ஓடும் பண்ணைத் தாம்போதியில் இருபக்கமும் தண்ணீர் மினுங்கியது. இந்தத் தாம்போதியால் தீவை விட்டுப் போகாதவர்கள் யார்? கொழும்புக்கு, கனடாவுக்கு, லண்டனுக்கு என்று போனவர்கள் எல்லோரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு பேசாமல்தான் போனார்கள். இப்படி ஊர் எழுந்து நின்று ஒருவரையும் வழியனுப்பவில்லை. அஜந்தா மடியிலிருந்த காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். தான் இவ்வளவு பெரிய ஒன்றின் கூடவே போகிறோம் என்ற எண்ணம் அவள் நெஞ்சை நிறைத்தது.

ஒரு விலாகூட உடையவில்லை. இறக்கி முடிந்ததும் கஜாலினி, பேசிய தொகையைப் பேசியபடி அனோஜனின் கையில் கொடுத்தாள். காதைத் திருப்பிக் கொடுக்கும்போது அஜந்தாவுக்குக் கொஞ்சம் மனம் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

திரும்பும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. லொறி இன்னும் பண்ணைக்கு வரவில்லை, தொலைபேசி அடித்தது. ரஜீபன். அனோஜன் லொறி ஓடிக்கொண்டிருந்ததால் அஜந்தா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மச்சான், வெறுமனைத்தானே வாறீர்? என்ர ஸ்டோரிலை சீமெந்து கிடக்கு, வேலணைக்குப் போகவேணும். ஏத்திக்கொண்டு போம். நல்ல வாடகை தாறன்."

அஜந்தாவுக்கு நெஞ்சு துள்ளியது. ஒரே நாளில் இரண்டு ஹயர்! ஓம் என்று சொல்லுங்கோ என்று கையால் சைகை காட்டினாள். அனோஜன் அவளைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தபடி இருந்தான்.

"ஏத்தேலாது மச்சான். இந்த வழி வித்தாச்சு."

"என்ன விசர்க் கதை? லொறி வெறுமையாத்தானே கிடக்கு?"

"வெறுமை எண்டு சொல்லித்தானே அந்தப் பிள்ளையிட்டை காசு வாங்கினனாங்கள். சீமெந்து ஏத்தினால் அந்தக் காசைத் திருப்பிக் குடுக்கவேணும்."

 அஜந்தாவின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. நியாயமான வாடகை என்று கிழமை முழுவதும் கத்தியவள் அவள். அந்தச் சொல்லின் மற்றப் பாதியான நியாயத்தை, வாடகை கேட்கத் தெரியாத இந்த மனிதன் அல்லவா எடுத்து வைக்கிறான்! காலையில் மணல் மேட்டில் நின்றது போலவே அவள் மனம் கணக்கை விட்டு நின்றது. இத்தனை வருடம் பக்கத்தில் இருந்த ஆளை இன்றைக்குத்தான் முழுதாகப் பார்ப்பது போலிருந்தது.

"சரி, திங்கட்கிழமை ஏத்தினால்?" என்றார் ரஜீபன் கடைசியில். "என்ன கேப்பீர்?"

அஜந்தா கண்ணை மூடிக்கொண்டாள். பதில் அவளுக்குத் தெரியும். மச்சான், அதிலும் பிணை நின்ற மச்சான். வேறென்ன வரப்போகிறது, 'பாத்துத் தாங்கோ'தான்.

அனோஜன் கியரை மாற்றினான். தொண்டையைச் செருமினான். பிறகு ஒரு தொகையைச் சொன்னான். போற வழி, வாற வழி, காத்து நிற்கிற நேரம் எல்லாம் அதற்குள் இருந்தன. அவள் கணக்குப் போட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

"எனக்கே சொல்லுறீரோ?"

"ஓம் மச்சான். உங்களுக்குத்தான் சொல்லுறன்."

 

"நாளைக்குக் காலமை வீட்டை வாறன்" என்றார் ரஜீபன். கோபமா, வேறு ஏதாவதா என்று தங்கையாலேயே கண்டுபிடிக்க முடியாத குரல். "லீசிங் கடதாசியளை எடுத்து வையுங்கோ."

தொலைபேசி அணைந்தது. லொறி தாம்போதியில் ஏறியது. வெறும் பெட்டியில் சங்கிலி அடிபட்டுக்கொண்டே வந்தது. வழக்கமாக அந்தச் சத்தம் ஊருக்கு நெடுநேரம் கேட்கக் கூடாது என்று விரட்டி ஓடுகிறவன், இன்றைக்கு மெல்ல ஓடினான்.

"கூடக் கேட்டுப்போட்டனோ?" என்றான் கொஞ்சம் கழித்து. பிணையை வெட்டிவிட்டால் என்ன செய்வது என்று அவனும் யோசிக்கிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது.

அஜந்தா நகர்ந்து அவன் பக்கமாக இருந்தாள். அவள் உள்ளங்கையில் அந்தக் காதின் பாரம் இன்னும் இருந்தது.

"இல்லை" என்றாள். "காலமை அண்ணை எந்தக் கடதாசியை நீட்டினாலும், நீங்கள் அதே தொகையைத்தான் திருப்பிச் சொல்லவேணும்."